தாயோடு வசிக்க வேண்டும் என்றொரு நிபந்தனை

இப்போது பிணை விசாரணையெல்லாம் கம்பியூட்டர் திரையில் நடக்கிறதாம். கைதி ஒரு பெட்டிக்குள், நீதவான் ஒரு பெட்டிக்குள், சட்டத்தரணி தன் வீட்டுக் குசினிக்குள். நான் ஓய்வுபெற்ற அலுவலகத்தில் இப்போது வேலை செய்யும் நிவேதா என்ற இளம் சட்டத்தரணி போன வாரம் போன் எடுத்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை.

"அன்ரி, ஸீரியஸ்லி, கோட்டில பின்னுக்கு ஆக்களை இருத்தி அழ வைச்சவையாமே? இஸ் இட் ட்ரூ?"

"ஓம் பிள்ளை, உண்மைதான்."

"ஓ மை கோட்! பட், அது எப்பிடி வேர்க் பண்ணினது?"

அது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. யூனியன்வில்லில் மகள் வீட்டு நிலக்கீழ் அறையில் எனக்கென்று ஒரு மேசையும் வேண்டிய அளவு நேரமும் இருப்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன். எங்கள் சட்டத்தரணியின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். அலுவலகத்தில் எல்லோரும் அவரை 'சேர்' என்றுதான் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மனுசன் இன்னும் நல்ல சுகத்தோடு இருக்கிறார். வழக்குப் போடுவது எப்படி என்பதும் அவருக்கு மறந்திருக்காது.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் தட்டெழுத்துப் படித்தேன். கனடாவுக்கு வந்து பின்னேர வகுப்பில் சட்ட உதவியாளர் வேலை படித்தேன். ஸ்காபரோவில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சேரின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சட்டம் என்று நான் படித்ததற்கும் அங்கே நடந்ததற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டேன்.

சேர் குற்றவியல் வழக்குகள் மட்டும் எடுப்பார். ஆறடி உயரம், வெள்ளித் தலைமயிர், கோயில் ஐயர் மாதிரிக் கணீரென்ற குரல். நீதிமன்றத்தில் தான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை என்பது அவருடைய பெரிய பெருமை. அது உண்மையும்கூட. அவர் பொய் சொல்ல மாட்டார். ஆட்களை இருத்துவார், அவ்வளவுதான். பிணை விசாரணை என்றால் பார்வையாளர் வாங்கில் மூன்று தமிழ்த் தாய்மார் இருப்பார்கள். சேர் எழுந்து, "கனம் நீதவான் அவர்களே, இன்று மன்றில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொல்லி நிறுத்துவார். நீதவான் பின்னுக்குப் பார்ப்பார். அங்கே ஒரு வயதான பெண் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு குலுங்குவார்.

"நான் தாய் எண்டு சொன்னனானோ கமலா?" என்று என்னிடம் கேட்பார். "இல்லை. அவர் தாய் எண்டு நினைச்சால் அது அவரின்ர பிரச்சினை."

தாய்மாரைத் தெரிந்தெடுப்பதற்குச் சேரிடம் சட்டதிட்டங்கள் இருந்தன. நகை கூடாது, ஆனால் வெறும் கழுத்தும் கூடாது. பட்டுச்சேலை கூடாது. குளிர்கோட் பழையதாக, ஒரு அளவு பெரியதாக இருக்க வேண்டும். பிள்ளையின் கோட்டைப் போட்டு வந்த தாய் என்று பார்ப்பவருக்குத் தோன்ற வேண்டுமாம். முதல் வாங்கில் இருக்கக் கூடாது, அது நாடகம் மாதிரித் தெரியும். இரண்டாவது வாங்கில் ஓரமாக இருக்க வேண்டும். எப்போது அழுவது என்பதற்குச் சேரின் மூக்குக்கண்ணாடிதான் சைகை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் மெல்ல விசும்ப வேண்டும். கழற்றிச் சட்டைப் பையில் வைத்தால் வாய்விட்டு அழலாம். திரும்பப் போட்டால் உடனே நிறுத்த வேண்டும்.

ஒரு தை மாதக் காலை. வெளியே காது விறைக்கிற குளிர். சேர் வேகமாக உள்ளே வந்தார். வந்தவுடன் சூடு பட்டுக் கண்ணாடி முழுக்கப் பனிப்புகார் படிந்துவிட்டது. கழற்றினார், துடைத்தார். புகார் போகவில்லை. சலித்துப்போய்ச் சட்டைப் பையில் வைத்தார். எங்கள் வழக்கு இன்னும் கூப்பிடப்படவே இல்லை. கூண்டுக்குள் நின்றவர் ஏதோ கடையில் சீஸ் கட்டிகளைக் களவெடுத்த வெள்ளைக்காரர். எங்கள் மூன்று தாய்மாரும் ஒரே நேரத்தில் ஓவென்று அழத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். நீதவானும் பார்த்தார். நான் கையைக் காட்டுகிறேன், கண்ணை உருட்டுகிறேன், ஒருவரும் நிறுத்துவதாக இல்லை. சேருக்கோ கண்ணாடி இல்லாமல் இரண்டு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அழுவது யார் என்று அவர் என்னிடம் கேட்கிறார்! அந்த வெள்ளைக்காரருக்கு அன்றைக்குப் பிணை கிடைத்தது. போகும்போது எங்கள் தாய்மாரிடம் வந்து ஒவ்வொருவராகக் கைகொடுத்துவிட்டுப் போனார். எனக்கு வெட்கத்தில் உயிர் போய்விட்டது.

அந்த மூவரில் திறமானவர் பாக்கியம் அன்ரி. கணவர் இறந்து கனகாலம், பிள்ளைகள் இல்லை. முதியோருக்கான மாடிக் கட்டடத்தில் ஒற்றை அறை வீட்டில் தனியே இருந்தார். செத்தவீட்டில் அவர் அழுதால் செத்தவரைத் தெரியாதவர்களும் அழுவார்கள். இந்த வேலைக்கு அவர் வந்தது ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கும் நாலு பேரோடு கதைத்துப் பறைவதற்கும்தான். "வீட்டில ரீவியோட கதைக்கிறதிலும் பார்க்க உது பறுவாயில்லை" என்பார்.

இனிக் குகனின் வழக்கு. என் வேலைக் காலத்தில் நான் பயந்த வழக்கு என்றால் அது ஒன்றுதான்.

குகன் மட்டக்களப்புப் பிள்ளை. தாய் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். இங்கே அகதியாக வந்து, நிரந்தர வதிவிடம் கிடைத்து, ரெக்ஸ்டேல் பக்கம் ஒரு கொண்டாட்ட மண்டபத்துச் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தான். ஒரு சாமத்திய வீட்டில், அதாவது பெண் பெரியபிள்ளையான கொண்டாட்டத்தில், அவளின் தாய்மாமன் தவம் என்பவர், குடிப்பதற்குத் தொட்டுக்கொள்ள இன்னும் ஆட்டிறைச்சிப் பொரியல் வேண்டுமென்று சமையலறைக்குள் வந்து சத்தம் போட்டிருக்கிறார். குகன் முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். தவம் அங்கிருந்து மேடைக்குப் போய், பெண்ணை இருத்த வைத்திருந்த அன்னப்பறவைச் சிம்மாசனத்தில் ஏறி ஆடி, அன்னத்தின் கழுத்தோடு சேர்ந்து கீழே விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டார். பொலிஸ் வந்ததும், சமையலறைப் பெடியன் அகப்பையால் அடித்தான் என்று சொல்லிவிட்டார். மண்டபத்தில் நானூறு சனம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாமன் குடிவெறியில் விழுந்தார் என்றால் சாமத்திய வீட்டின் மானம் போய்விடுமே! வீடியோக்காரரும் அந்த இடத்தை வெட்டிவிட்டார். ஒரு காட்சியில் அன்னத்துக்குக் கழுத்து இருக்கும், அடுத்த காட்சியில் இருக்காது.

ஆயுதத்தால் தாக்கினான் என்பது குற்றச்சாட்டு. ஆயுதம் அகப்பை. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் குகன் கனடியப் பிரசை இல்லை. குற்றவாளி என்று தீர்ப்பு வந்தால் அவனைத் திருப்பி இலங்கைக்கு அனுப்பக்கூடும். அவனுக்கு அங்கே போய் நிற்க ஒரு வீடும் இல்லை.

"சேர், உவன் செய்யேல்லை. வெட்டாத வீடியோவைக் கேட்டு எடுப்பம்" என்றேன்.

"உண்மையை வைச்சு வாதாடுறது ஆபத்து கமலா" என்றார் சேர். "அதை மற்றப் பக்கமும் பாவிக்கலாம். பாக்கியம் அன்ரியை வரச் சொல்லும்."

பிணை விசாரணையன்று பாக்கியம் அன்ரி இரண்டாவது வாங்கில் ஓரமாக இருந்தார். சேர் கண்ணாடியைக் கழற்றினார். அன்ரி அழுதார். எல்லாம் வழக்கம்போலத்தான் போனது. ஆனால் அன்றைய நீதவான் புதியவர், இளகிய மனம் உள்ள பெண். அரச தரப்புச் சட்டத்தரணி குகனுக்கு நிலையான விலாசம் இல்லை என்று மறுத்தபோது, நீதவான் நேரே பாக்கியம் அன்ரியைப் பார்த்து, "தாய் இங்கே இருக்கிறாரே, அவர் எங்கே வசிக்கிறார்?" என்று கேட்டார்.

சேர் கோப்பைத் திறந்து அதில் இல்லாத ஒரு கடுதாசியைத் தேடத் தொடங்கினார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒரு தமிழ் ஐயா. அவர் அன்ரியிடம் கேட்டார். விலாசம் கேட்டால் சொல்லத்தானே வேண்டும்? அன்ரி கட்டட இலக்கம், மாடி, அஞ்சல் குறி எல்லாம் சொன்னார்.

"இவரை உங்களோட வைச்சிருக்க உங்களுக்கு விருப்பமோ எண்டு நீதவான் கேட்கிறா."

அன்ரி சேரைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக் கூண்டுக்குள் நின்ற குகனைப் பார்த்தார். "ஓம்" என்றார்.

குகன் திகைத்துப்போய், "எனக்கு ஒண்டும் விளங்கல்லகா, ஆர் இவங்க?" என்று அருகே நின்ற என்னிடம் கேட்டான். அந்த ஒரு வசனம் போதும். மட்டக்களப்புத் தமிழ் பேசிய பிள்ளைக்கு யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிற தாய்! மொழிபெயர்ப்பாளர் ஐயா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு தன் கடுதாசியைப் பார்த்தார். மொழிபெயர்ப்பதாகத்தான் அவர் சத்தியம் எடுத்திருந்தார், சந்தேகப்படுவதாக அல்ல.

நீதவான் உத்தரவு போட்டார். குகன் தன் தாயோடு வசிக்க வேண்டும். தாயின் துணையின்றி வீட்டை விட்டு வெளியேறக் கூடாது. வழக்கு முடியும் வரை இதுதான் நிபந்தனை.

வெளியே வந்ததும் சேர் பொரிந்து தள்ளினார். "ஆர் உங்களை ஓம் எண்டு சொல்லச் சொன்னது?"

"கேட்டால் மறுமொழி சொல்லாமல் இருக்கிறதே? பெடியன் மெலிஞ்சு போய் நிக்கிறான். ஏலாது எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

"இனிமேல் அவன் உங்களோட இருக்காட்டில் அவன் உள்ளுக்கு, தெரியுமோ?"

"அப்ப இருக்கட்டுமன்" என்றார் அன்ரி. சேர் தலையில் கைவைத்துக்கொண்டு வாங்கில் இருந்துவிட்டார்.

அதன்பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். முதியோர் கட்டடத்தில் இளம் ஆட்கள் தங்கக் கூடாது. மேற்பார்வையாளர் வந்து சத்தம் போட்டார். பாக்கியம் அன்ரி நீதிமன்ற உத்தரவை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "கோட் ஓடர், மை சன்" என்றார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி அதிலேயே முடிந்தது. ஆனால் போதுமாக இருந்தது.

துணையில்லாமல் வெளியே போகக் கூடாதென்பதால் குகன் வேலைக்குப் போகும்போது அன்ரியும் போனார். ஸ்காபரோவிலிருந்து ரெக்ஸ்டேலுக்கு இரண்டு பஸ், ஒரு சப்வே. மண்டபத்துச் சமையலறையில் அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்து, வெங்காயம் தடிப்பாக வெட்டுகிறார்கள் என்று எல்லோரையும் ஏசினார். கொஞ்ச நாளில் சமையற்காரர்கள் உப்புப் பார்க்க அவரைக் கூப்பிடத் தொடங்கினார்கள். அன்ரி வெளியே போவதென்றால் குகனும் கூடப் போக வேண்டும், இல்லாவிட்டால் அவன் வீட்டில் அடைந்து கிடக்க வேண்டும். ஆகவே அவன் தேவாரக் குழுவுக்குப் போனான். முழங்கால் வலிக்காரருக்கான தண்ணீர்ப் பயிற்சிக்குப் போய்க் கரையில் துவாய் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த வருசம் ஸ்காபரோவில் நடந்த அரைவாசிச் செத்தவீடுகளுக்கும் போயிருப்பான்.

சண்டையும் இல்லாமல் இல்லை. "உவன் எல்லாத்துக்கும் தேங்காய்ப்பாலை ஊத்துறான் கமலா!" என்று அன்ரி போனில் முறையிடுவார். "அம்மா ஒடியல் கூழ் காய்ச்சித் தந்தாகா, அதை எப்பிடிக் குடிக்கிற?" என்று குகன் பின்னாலிருந்து கத்துவான். அவன் எப்போது அம்மா என்று கூப்பிடத் தொடங்கினான் என்று நான் கேட்கவில்லை. வெளியாருக்கு முன்னால் அப்படிக் கூப்பிடச் சொல்லிச் சேர்தான் ஆரம்பத்தில் கட்டளை போட்டிருந்தார். ஆனால் போனில் வெளியார் யாரும் இல்லையே?

வழக்குக்கு முதல்நாள் சேர் எல்லோரையும் கூப்பிட்டுப் புத்தி சொன்னார். "நாளைக்குத் தவத்தின்ர ஆக்கள் வருவினம். குகன், நீர் வாய் திறக்கப்படாது. அன்ரி, ஆரும் ஊர் கேட்டால் மட்டக்களப்பு எண்டு சொல்லுங்கோ. அந்த ஒரு சொல்லுப் பிழைச்சால், தாய் இல்லாத ஆளைத் தாய் எண்டு பிணை எடுத்தது எண்டு அரச தரப்பு எழும்பும். பெடியன்ர கதை அதோட முடிஞ்சுது."

"ஓமோம்" என்றார் அன்ரி. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

மறுநாள் நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரே ஒரு நீள வாங்குதான் வெறுமையாக இருந்தது. ஒரு பக்கம் பாக்கியம் அன்ரி, நடுவில் நான். மறுபக்கத்தில் தவத்தின் தாய் வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சேலை, கையில் விபூதிப் பை. வயதான இரண்டு தமிழ்ப் பெண்கள் ஒரே வாங்கில் எவ்வளவு நேரம் பேசாமல் இருப்பார்கள்? பெடியனைப் பிணையில் வைத்திருக்கும் தாய் என்று அன்ரியை அவருக்குத் தெரிந்திருந்தது. தவத்தின் தாய் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"நீங்கள் ஊரில எவடம்?"

நான் அன்ரியின் முழங்கையை இடித்தேன். அன்ரி வாயைத் திறந்தார், மூடினார். முகம் சிவந்தது. முன்பின் தெரியாதவனுக்குத் தாயாக இருக்க அவரால் முடிந்தது. ஆனால் ஊரை மாற்றிச் சொல்ல முடியவில்லை.

"அளவெட்டி" என்றார்.

நான் அன்ரியின் முழங்கையை இன்னொரு தரம் இடித்தேன்.

"அட, அளவெட்டியில எவடம்? கும்பிளாவளைப் பிள்ளையார் கோயிலடியோ?"

"ஓம், கோயிலுக்குப் பின்வீதி. சங்கரப்பிள்ளை வாத்தியார் வீடு."

"வாத்தியாரோ? வாத்தியாற்ற மூத்தவவைக் கட்டினது எங்கட சின்னையா எல்லோ!"

ஒரு நிமிடத்துக்குள் அவர்கள் என்னை எழுப்பிவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டார்கள். யார் யாரைக் கட்டியது, யார் எந்த நாட்டில், யார் செத்தது என்று எல்லாம் வந்தது. பிறகு தவத்தின் தாய் சட்டென்று நிறுத்தினார்.

"பொறுங்கோ. வாத்தியாற்ற இளையவவுக்குப் பிள்ளையள் இல்லையெல்லோ? அப்ப உந்தப் பெடியன் ஆர்?"

குகன் எதிர்ச் சுவரோடு நின்று எங்களைப் பார்த்தான். பத்தடி தூரத்தில் அரச தரப்புச் சட்டத்தரணி கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஒரு சத்தம் போட்டால் போதும்.

பாக்கியம் அன்ரி அழவில்லை. தாழ்ந்த குரலில், ஆனால் நன்றாகக் கேட்கும்படி சொன்னார்.

"என்ர பிள்ளை இல்லைத்தான். அவனுக்குத் தாய் இல்லை, எனக்குப் பிள்ளை இல்லை. கோட் ஒண்டாய் இருக்கச் சொன்னது, இருக்கிறம். நான் சொன்னது பொய். உங்கட மகன் சொன்னதும் பொய். அவர் எங்கையிருந்து விழுந்தவர் எண்டு நீங்கள் முன்வரிசையில இருந்து பார்த்தனீங்கள்தானே? என்ர பொய்யால ஒருத்தன் நேரத்துக்குச் சாப்பிடுறான். உங்கட பொய்யால அவனை நாடு கடத்தப் போகினம். அங்க போய் அவன் ஆற்ற வாசலில நிக்கிறது? போய்ச் சொல்லுறதெண்டால் ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

தவத்தின் தாய் விபூதிப் பையை இடுப்பில் செருகினார். பிறகு எழுந்து, கோப்பி மெசினடியில் நின்ற மகனிடம் போனார். ஐம்பது வயது ஆள், காதைப் பிடித்துத்தான் இழுத்து வந்தார். "நடவடா. அந்த வெள்ளைக்காரப் பிள்ளையிட்டைப் போய், வெறியில விழுந்தனான் எண்டு சொல்லு. சின்னையாவின்ர சம்பந்திப் பகுதிக்கு முன்னால என்னை வெக்கப்படுத்தாதை."

தவம் போய்ச் சொன்னார். அரச தரப்புச் சட்டத்தரணி இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். பறவை என்ற இடத்தில் அவருக்கு விளங்கவில்லை, தவம் கையால் கழுத்தை நீட்டிக் காட்ட வேண்டி வந்தது.

நீதிபதி வந்து அமர்ந்ததும் குற்றச்சாட்டு மீளப்பெறப்பட்டது. எல்லாம் இரண்டு நிமிடம். சேருக்குத்தான் தாங்கவில்லை. மூன்று கிழமை கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிய பேச்சு அவர் நெஞ்சுக்குள் கிடந்தது. எழுந்து, "கனம் நீதிபதி அவர்களே, ஒரு தாயின் கண்ணீர்..." என்று தொடங்கினார்.

"நீங்கள் வென்றுவிட்டீர்கள், உட்காருங்கள்" என்றார் நீதிபதி. வழக்கில் தோற்ற சட்டத்தரணிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வென்ற சேரின் முகத்தில் இருந்த வாட்டம் அவர்களில் ஒருவரிடமும் இருந்ததில்லை. அடுத்த வாரம் தமிழ் வானொலியில் இதைத் தன் குறுக்கு விசாரணையின் வெற்றியென்று விளம்பரம் கொடுத்தார், அது வேறு விசயம்.

தாழ்வாரத்தில் சேர் குகனின் தோளில் தட்டினார். "இனி ஒரு கண்டிசனும் இல்லை. நீர் எங்கையும் இருக்கலாம், எங்கையும் போகலாம். எல்லாம் கிழிஞ்சு போச்சு."

பாக்கியம் அன்ரி குளிர்கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். ஒரு பொத்தானையே திரும்பத் திரும்பப் பூட்டினார். குகன் அவரைப் பார்த்தான், பிறகு என்னிடம் வந்தான்.

"அக்கா, மத்ததெல்லாம் எடுக்கட்டும். அம்மாவோட இருக்கணும் எண்டதை மட்டும் வைச்சிருக்கச் சொல்லி நீதவானிட்டக் கேக்க ஏலாதா?"

நிபந்தனையை நீக்கச் சொல்லி நான் எழுதிய விண்ணப்பங்களுக்குக் கணக்கில்லை. வைத்திருக்கச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. நான் சேரைப் பார்த்தேன். எதற்கும் ஒரு வழி வைத்திருக்கிற மனுசன், "அதுக்குச் சட்டத்தில இடமில்லையே" என்றார்.

"உதுக்கு என்னத்துக்குக் கோட்?" என்றார் அன்ரி. "நான் சொல்லுறன். நட, பஸ் வரப் போகுது."